கர்னல் காதலித்த பெட்டி

பெரில் ஆக்டன் அந்தப் பெட்டியை வாங்கியதே இந்தப் பயணத்துக்காகத்தான். இருபத்தாறு வருடம் போல்டன் நகரத்துப் பள்ளியொன்றின் சமையலறையில் கரண்டி பிடித்தவள் அவள். நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகள் மூன்று நாள் ஓய்வு ஏற்பாடு செய்திருந்தாள், ஆல்டர்கூம் மாளிகையில். ஒரு காலத்தில் பிரபுக்கள் வாழ்ந்த இடம், இப்போது ஆடம்பர விடுதி. அங்கே பழைய பையோடு போய் இறங்க முடியுமா? பளபளவென்று நீலப்பச்சையில் சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை வாங்கிவிட்டாள்.

"ராத்திரி இது மேல எதையாவது போத்தி வை கண்ணு, இந்த மினுமினுப்புல தூக்கம் வராது" என்றார் கணவர் டெஸ்மண்ட். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

மாளிகை வாசலில் கார் நின்றதும் கறுப்புக் கோட்டுக்காரர் ஒருவர் வந்து பெட்டியை இறக்கினார். ஃபெனிமோர் என்று பெயர். அவர் நாலடி வைப்பதற்குள் புல்வெளியிலிருந்து ஓர் ஆண்மயில் ஓடிவந்தது. பெட்டிக்கு முன்னால் நின்று தோகையை முழுசாக விரித்து உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஃபெனிமோருக்கு முகம் வெளுத்துவிட்டது. "மூணு வருஷமா கர்னல் தோகையே விரிச்சதில்ல மேடம். அஞ்சு பெண்மயில் வாங்கி விட்டோம். ஒண்ணையும் திரும்பிப் பாக்கல."

"கடைசியில என் பொண்டாட்டி பெட்டியப் பாத்துட்டான்" என்றார் டெஸ்மண்ட்.

அதற்கப்புறம் பெரிலுக்கு ஓய்வு ஏது? அறை முதல் மாடியில். கர்னல் பறந்து வந்து சன்னல் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியைக் கொத்தியது. விடிகாலை நாலரைக்கு அது அகவிய அகவலில் பக்கத்து அறை நீதிபதியம்மா தலைமுடியில் சுற்றிய சுருட்டை உருளைகளோடு தாழ்வாரத்துக்கு ஓடிவந்து, "யாரைக் கொல்றாங்க?" என்று கேட்டாள்.

பெரில் பெட்டிமேல் விடுதியின் வெள்ளைக் குளியலங்கியைப் போர்த்தி மறைத்தாள். அது பெரிய தப்பாகிவிட்டது. காதலியைக் காணாத கர்னலின் சந்தேகம், அதே மாதிரி அங்கி போட்டுக்கொண்டு நீச்சல் குளத்துக்குக் கிளம்பிய டெஸ்மண்ட் மேல் விழுந்தது. ரோஜாப் பாத்திகளைச் சுற்றி மூன்று சுற்று விரட்டியது.

"நான் கடத்தலடா! அவ மாடியிலதான் இருக்கா!" என்று கத்திக்கொண்டே குளத்தில் குதித்தார் டெஸ்மண்ட், செருப்போடு. கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரில் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த கேக் மூக்கில் ஏறியது.

கிளம்பும் நாள் காலை. பெட்டியைக் காரில் ஏற்றியதும் கர்னல் வந்து சக்கரத்துக்கு முன்னால் படுத்துவிட்டது. ஹாரன் அடித்தார்கள். ரொட்டி காட்டினார்கள். ஃபெனிமோர் முழந்தாளிட்டு, "கர்னல், தயவுசெஞ்சு எந்திரிங்க. கௌரவமா நடந்துக்குங்க" என்று கெஞ்சினார். கர்னல் கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டி ஒரு சத்தம் போட்டது. அகவல்கூட இல்லை, விம்மல்.

பெரிலுக்குத் தாங்கவில்லை.

"டெஸ்மண்ட், டிக்கியத் திற."

"எதுக்கு?"

"பெட்டிய இறக்கு. என்னைப் பாத்து எவனாவது இப்படி ரோட்டுல படுத்திருக்கானா?"

"நான் உனக்காக குளத்துல குதிச்சேனே!"

"அது உசுருக்கு பயந்து."

வாசற்படியிலேயே பெட்டியைத் திறந்து துணிமணிகளைச் சலவைப் பைகளில் திணித்தாள். உள்பாவாடை ஒன்று காற்றில் பறந்து சிங்கச் சிலையின் தலையில் மாட்டிக்கொண்டது. ஃபெனிமோர் அதை இரண்டு விரலால் எடுத்து, மடித்து, தலைவணங்கிக் கொடுத்தார். பிறகு வெறும் பெட்டியை, குடை பிடித்ததுபோல் தோகை விரித்து நிற்கும் கர்னலிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். வழியெல்லாம் பெரில் அழுதாளா சிரித்தாளா என்று டெஸ்மண்டுக்குப் புரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

ஜூன் மாதம் ஃபெனிமோரிடமிருந்து கடிதம் வந்தது. திறந்து கிடந்த பெட்டிக்குள் பெண்மயில் ஒன்று ஏறி உட்கார்ந்ததாம். முதலில் கர்னல் கோபித்துக்கொண்டது. அப்புறம் அவளைக் கவனித்துப் பார்த்தது. இப்போது பெட்டிக்குள் நாலு முட்டை.

கூடவே ஒரு புகைப்படம். டெஸ்மண்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு சுமாராத்தான் இருக்கா" என்றார்.

"வாய மூடு" என்று சொல்லிவிட்டு, பெரில் அந்தப் படத்தைப் பேரப்பிள்ளைகளின் படங்களுக்கு நடுவே வைத்தாள்.