கப்பலில் வந்த மாப்பிள்ளை

பிரெஞ்சுக்காரர்களின் டார்பிடோ படகுகளை விரட்டிப் பிடிக்க தேம்ஸ் நதிக்கரையில் எங்கள் பட்டறை கட்டிய நாசகாரிக் கப்பல் அது. இருபத்தேழு நாட், அதாவது மணிக்கு இருபத்தேழு கடல்மைல் வேகம் வந்தால்தான் கடற்படை ஏற்றுக்கொள்ளும். இரண்டு சோதனையிலும் அரை நாட் குறைந்துவிட்டது.

மூன்றாவது சோதனை, ஜேபெஸ் கோபோல்டின் கல்யாண நாளில் வந்து விழுந்தது. கொதிகலனுக்குக் கரி தள்ளுவதில் அவனை மிஞ்ச எங்களில் ஆள் கிடையாது. எஞ்சினியர் ஹேடோ என்னையும் அழைத்துக்கொண்டு கிரேவ்ஸெண்டில் இருந்த அனுமதி கேட்க மணப்பெண் லோட்டியின் வீட்டுக்கே போனார். லோட்டி இறால் அவித்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டிட்டுப் போங்க சார். ஆனா மூணு மணிக்கு மேல கல்யாணம் செஞ்சுவைக்கச் சட்டத்துல இடமில்ல. அதுக்குள்ள வரலேன்னா, நீங்க கட்டின கப்பலையே அவரு கட்டிக்கட்டும்."

ஹேடோ தொப்பியைக் கையில் பிடித்தபடி, "வந்துருவாரும்மா" என்றார்.

சோதனை நாளன்று கதவுகளை அடைத்து, நெருப்புக்குக் காற்றூட்டும் விசிறிகளை முடுக்கியதும் கொதிகலன் அறை இரைந்தது. பேச்சு கேட்காது, சைகைதான். தகடுகளின் அதிர்வில் பற்கள் தந்தியடித்தன. மூன்று மணிநேரம் இடுப்பு நிமிராமல் கரி தள்ளினோம். பிறகு விசிறிகள் அடங்கின; ஹேடோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"இருபத்தேழே கால்டா!"

ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். ஜேபெஸ் மட்டும், "மணி என்ன?" என்றான்.

ஒன்றே முக்கால். கிரேவ்ஸெண்டுக்கு இன்னும் இருபது மைல். ஹேடோ கேப்டனிடம் ஓடினார். கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"கரி மிச்சமிருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப எதுக்கு வீணாக்கணும்? முழு வேகத்துல விடுங்க."

மாப்பிள்ளையை மேல்தளத்தில் காற்றாட உட்காரச் சொன்னோம். "என் கல்யாணத்துக்கு நீங்க கரி போடுவீங்க, நான் வேடிக்கை பாக்கணுமா?" என்று மண்வாரியைப் பிடுங்கிக்கொண்டான். தேம்ஸ் நதி நெடுகச் சரக்குப் படகுக்காரர்கள் எங்கள் கப்பல் கிளப்பிய அலையில் ஆடிக்கொண்டே வாயில் வந்தபடி திட்டினார்கள்.

இரண்டு நாற்பதுக்குத் துறையில் இறங்கினோம். வெள்ளை உடையில் லோட்டி நின்றிருந்தாள். ஜேபெஸின் முகத்தில் கண்ணும் பல்லும்தான் தெரிந்தன.

"ஐயோ, மூஞ்சியாவது கழுவுங்க மாப்ள" என்றாள் அவள் அம்மா.

"நேரமில்லம்மா. ஆளு இவருதான், எனக்குத் தெரியும்" என்று லோட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நாங்களும் கரி உடம்போடு பின்னால் ஓடினோம்.

பாதிரியார் மூன்று நிமிடம் மிச்சம் வைத்து முடித்தார். முத்தம் கொடுத்து நிமிர்ந்தபோது மணப்பெண்ணுக்கு அழகான கறுப்பு மீசை முளைத்திருந்தது. கோயிலே சிரித்தது. என்னவென்று தெரியாமலேயே அவளும் சேர்ந்து சிரித்தாள்.