மடியில் வைத்த இன்ஜின்

பனிமூட்டம் இன்னும் விலகவில்லை. அமெரிக்காவின் டொலிடோ நகருக்கு வெளியே, பழைய கார்களைப் பிரித்து விற்கும் அந்தக் கடை ஏரித் தண்ணீருக்கு அடியில் கிடப்பது போலிருந்தது. சக்கரமில்லாத வண்டிகள் அசை போடும் மாடுகளாய்ப் படுத்திருந்தன. டெல்மரும் அவன் அக்கா ரோவீனாவும் அவற்றின் நடுவே நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்தார்கள். இருவர் தோளிலும் சீட் பெல்ட்டை அறுத்துச் செய்த வார். வாரின் நடுவே தொங்கியது இன்ஜின்.

கடையில் இன்று தூக்கும் நாள். கையால் தூக்கி, தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டிவிட்டால் எந்தச் சாமானுக்கும் ஒரே சொற்ப விலை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கலாம். வழியில் தரையைத் தொட்டதோ, முழு விலை. டெல்மருக்கு அது கட்டுப்படியாகாது.

அக்காவின் கொட்டகையில் அவனுடைய அறுபத்தொன்பதாம் வருடத்து நோவா கார் மூக்குக்குள் இன்ஜின் இல்லாமல் நின்றது. வீட்டை அவள் விற்றுவிட்டாள். வண்டி ஓடாவிட்டால், வீடு கைமாறும் அன்றே அது நசுக்கப் போய்விடும். அதே வருடத்து இன்ஜின்தான் வேண்டுமென்று அலைந்ததில் டெல்மரின் கோடை முழுதும் போயிற்று. கேட்ட விலைக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம். கடைசியில் கிடைத்தது பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போன குடும்ப வண்டி ஒன்றின் இன்ஜின். அலுமினிய உடம்பு. மேல்பாகங்களை யாரோ முன்னமே கழற்றிப் போயிருந்ததால் தூக்கவாவது முடிந்தது.

"புலிக்கு ஆட்டு நெஞ்ச வைக்கப் போறியாக்கும்," என்றாள் ரோவீனா, மூச்சு வாங்க.

"ஓடுனா போதும்க்கா. பேசாம நட."

அவன் அவளைப் பார்க்கவில்லை. அவன் மனக்கண்ணில், பனிக்குள் ஏரிக்கரைச் சாலை நீண்டது. நோவா சத்தமே இல்லாமல் அதில் மிதந்து போனது. கண்ணாடிகள் இறங்கியிருந்தன. ஓட்டுவது யாரென்று மட்டும் தெரியவில்லை.

"டேய், வார் வழுக்குது!"

அவள் தோளிலிருந்து வார் நழுவியது. டெல்மர் யோசிக்கவில்லை. இன்ஜினை இரு கையாலும் கட்டிக்கொண்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்தான். அத்தனை பாரமும் மடியில் வந்து இறங்கியது. உள்ளே தேங்கியிருந்த எண்ணெய் கால்சட்டையை நனைத்தது.

கோட்டருகே காபிக் குவளையோடு நின்ற கடைக்காரர் வர்ஜில் வந்து குனிந்து பார்த்தார்.

"தரையில பட்டுச்சா?"

"நல்லாப் பாருங்க," என்றான் டெல்மர், பல்லைக் கடித்தபடி.

வர்ஜில் சுற்றி வந்து பார்த்தார். "பட்டது உன் பின்பக்கம்தான். அதுக்கு நான் விலை போடல. ஆனா எப்படிய்யா எந்திரிப்ப?"

கோடு முதுகுக்குப் பின்னால் கிட்டத்தில்தான் இருந்தது. எழுந்திருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். கால்கள் மரத்துக்கொண்டிருந்தன.

ரோவீனா, விழுந்த வாரை எடுத்து அவன் அக்குளுக்கடியில் சுற்றி, பின்னால் போய் நின்று இழுத்தாள்.

"ரெண்டு பேர் தூக்கலாம்னுதான சொன்னீங்க?" என்று வர்ஜிலைக் கேட்டாள். "நான் இவனத் தூக்குறேன். இவன் அதத் தூக்குறான்."

வர்ஜில் காபியை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, வழியை விட்டு ஒதுங்கி நின்றார்.

டெல்மர் குதிகாலை ஊன்றித் தள்ளினான். சேறு வழிவிட்டது. எதிரே கிடந்த வண்டிகள் மெல்ல மெல்ல விலகிப் போயின. மடியில் இன்ஜின் குளிர்ந்து, கனத்து, தூங்கிப்போன பிள்ளை போலக் கிடந்தது. மஞ்சள் கோடு அவன் கால்களுக்கடியில் வந்தது, பிறகு பாதங்களுக்கு முன்னால் போனது.

"தாண்டியாச்சு, இறக்கி வைடா," என்றாள் அக்கா.

"இரு அக்கா," என்றான் அவன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."