நீலச் சேட்டு போட்ட ரைஸ் குக்கர்

நேற்றுப் பின்னேரம் வரைக்கும் எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் என்னைக் கட்டிய மாப்பிள்ளை மின்ஹாஜின் நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு நின்றது. மேசை ஃபேனுக்கு அவர் இடுப்பில் உடுத்தும் கட்டம் போட்ட சாறன். தையல் மெசினுக்குக் களிசான்; பொக்கற்றோடு சேர்த்துத் தைத்ததால் கத்தரிக்கோல் வைக்க வசதி. ஆற்றங்கரை வீடு இது, கடலும் பக்கம்தான். உப்புக் காற்றில் மூடாமல் வைத்த எதுவும் உருப்படாது. ஆகவே பழைய உடுப்பில் உறை தைத்தேன். இதில் என்ன குற்றம்? அந்த உடுப்புக்குரியவர் என்னோடு கோபித்துக்கொண்டு ஏறாவூரில் அவருடைய உம்மா வீட்டில் இருக்கிறார் என்பதுதான் கொஞ்சம் இடிக்கிறது.

மின்ஹாஜ் கட்டாரிலிருந்து வந்த நாள் முதல் சாமான்களை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். ஒருநாள் என் மெசினைத் தூக்கிக் குசினிக்குப் பின்னால் வைத்துவிட்டார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"இது என்ட ஊடு!" என்று கத்திவிட்டேன்.

காத்தான்குடியில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்து வருகிறவர் உடுப்புப் பெட்டியோடு வருவார். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் அதை வாயால் சொல்லக்கூடாது. அவர் உடுத்த உடுப்போடு இறங்கிப் போனார்.

அதன் பிறகுதான் அலுமாரியைத் திறந்தேன். கோபத்தில் வெட்டினேனா, ஆசையில் வெட்டினேனா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. சேட்டின் கையை வெட்டும்போது நல்லா வேணும் என்று நினைத்தேன். பொத்தானைப் பூட்டும்போது அழுதேன். பழசு முடிந்தது, அரைப்பழசில் கை வைத்தேன். அதுவும் முடிந்தது. கை நிற்கவில்லை.

நேற்று அவருடைய ராத்தா, என் மதினி பஹீமா, ஓட்டோவில் வந்து இறங்கினார். தேத்தண்ணி கொடுத்தேன்.

"இந்த ஃபேன் உறை வடிவா இரிக்கி புள்ள. எங்க வாங்கின?"

சொந்தத் தம்பியின் சாறன் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. நான் சிரித்து மழுப்பினேன்.

"முப்லிஹா, தம்பி அந்த நீலச் சேட்ட வாங்கிட்டு வரச் சொன்னான்."

 எங்கள் பக்கம் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போவதும் வருவதும் சாதாரணம். உடுப்பு அலுமாரியில் இருக்கும்வரை அவர் அந்த வீட்டு மனிதர்தான். உடுப்பைக் கேட்டு ஆள் அனுப்பினால் கதை முடிந்தது.

"நீலம் மட்டுமா மதினி? எல்லாமா?"

"அவன் நீலத்தத்தான் சொன்னான். மத்தது எனக்குத் தெரியா."

ஒரு சேட்டு என்றால் கால்வாசி முடிந்த கதையா? எதற்கு என்று கேட்டிருக்கலாம். மதினியோ பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் தோய்ப்பதில் கவனமாக இருந்தார்.

குசினிக்குள் போய்க் குக்கரிலிருந்து சேட்டைக் கழற்றினேன். அதற்குக் கைகள் இல்லை. கீழே இலாஸ்டிக் வேறு. இதை எப்படி ஒரு மனிதருக்குக் கொடுத்தனுப்புவது? அப்போதுதான் ரோசம் வந்தது. ஒன்று போனால் என்ன, எல்லாம் போகட்டும். உறைகளையெல்லாம் கழற்றி ஒரு சொப்பிங் பேக்கில் அடைத்து, வாயை இறுக்கிக் கட்டிக் கொடுத்துவிட்டேன். ஓட்டோ திரும்பியதும் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்று காலையில் கேற் சத்தம். மின்ஹாஜ் அதே பேக்கோடு வாசலில் நிற்கிறார். உள்ளே வரவில்லை.

"கூட்டாளிட கல்யாணத்துக்கு உடுக்க ஒரு சேட்டு கேட்டன். நீ எல்லாத்தையும் கட்டி அனுப்பியிரிக்கா. வராத எண்டு சொல்லுறியா?"

"ஆள் உட்டு உடுப்புக் கேட்டது நீங்க. நீங்கதான் வரமாட்டீங்க எண்டு நான் நினைச்சன்."

அவர் பேக்கிலிருந்து நீலத்தை எடுத்து இலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார்.

"இது என்ன? உம்மா தலையில போட்டுப் பாத்தா."

"அது குக்கருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத நேரம். அவர் முகத்தைப் பார்த்தால், சிரிப்பதா சண்டை பிடிப்பதா என்று அவருக்கும் விளங்கவில்லை.

"பச்சைச் சாறன் இதுக்குள்ள இல்ல. அது எங்க?"

நான் அறைப் பக்கம் பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அறைக்குள் என் தலையணை கிடந்தது, பச்சைச் சாறனில் தைத்த உறையோடு. அந்த ஒன்றை மட்டும் நான் கழற்றவில்லை.

"நீங்க இல்லாம நித்திரை வருதில்ல," என்றேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அவர் தலையணையைத் தொட்டார். பிறகு அலுமாரியைத் திறந்தார். உள்ளே வெறும் ஹேங்கர்கள்.

"இனி நீ போகச் சொன்னாலும் எடுத்துக்கிட்டுப் போக எனக்கு ஒண்டும் இல்ல," என்றார்.

கோபமா, விளையாட்டா, எனக்குத் தெரியவில்லை. அவர் குசினிக்குப் போய், நீலச் சேட்டைக் குக்கருக்குப் போட்டு, பொத்தான் முன்பக்கம் வருகிற மாதிரி இழுத்துச் சரிசெய்துவிட்டு வந்தார்.