ஏரோபிளேன் கக்கூசுக்கு ஒரு மனு

மீனம்பாளுக்கு அடிவயிறு கல்லைக் கட்டிவிட்ட மாதிரி இழுத்தது. காலை எட்டு மணிக்கு மண்டிக்குள் வந்தவள், இப்போது பதினொன்றரை. ஆறு மணிக்குத்தான் வீடு. தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைக்கூடத் திறக்கவில்லை, அப்படியும் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

செஞ்சியில் தனசேகரனின் மல்லாட்டை மண்டியில் இருபத்திரண்டு பெண்கள் வேர்க்கடலைப் பருப்பில் சொத்தை பொறுக்குகிறார்கள். போன வாரம்வரை பின்பக்கத்து வேலிகாத்தான் புதர் அவர்களுக்கு ஒதுங்க இருந்தது. லாரி திரும்ப இடம் வேண்டும் என்று முதலாளி அதை ஜேசிபி வைத்து வழித்துவிட்டார். இப்போது அங்கே உட்கார்ந்தால் ராஜகிரிக் கோட்டை உச்சியில் நிற்கிறவன்கூடத் தலை எண்ணிவிடலாம். ஆபீசை ஒட்டி, பூட்டுப் போட்ட ஒரு கக்கூஸ் உண்டு. "அது ஆம்பளைங்க போற எடம். நீங்க போனா நல்லாவா இருக்கும்?" என்பது முதலாளியின் சட்டம்.

அந்த முதலாளிதான் அன்றைக்குக் கையில் ஒரு தாளோடு வந்தார். பின்னால் அவர் மனைவி வளர்மதி. தில்லியில் மகன் வீட்டுக்குப் போய்விட்டு இருவரும் முந்தாநாள்தான் விமானத்தில் திரும்பியிருந்தார்கள்.

"அநியாயத்தக் கேளுங்கம்மா. ஏரோபிளேன்ல ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே கக்கூஸ்! எவனோ ஒருத்தன் வெளிய வரான், அடுத்தாப்ல இவ உள்ள போறதா? உக்காருடின்னுட்டேன். பாவம், மூணு மணி நேரம் அடக்கினு வந்தா."

"மூணே மணி நேரமா?" என்றாள் ராஜம்மாள், அங்கே எல்லோருக்கும் மூத்தவள்.

"ரெண்டு நாளா மாத்திரை முழுங்கறேன்," என்றாள் வளர்மதி. "இவரு மட்டும் நாலு வாட்டி போய்ட்டு வந்தாரு."

பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அடக்கிப் பழகினவர்கள்.

"அந்தக் கக்கூசுக்குக் கதவு இருக்குதா மொதலாளி?" மீனம்பாள் கேட்டாள்.

"இருக்குது. தாப்பா போட்டா லைட்டே எரியுது."

"தண்ணி?"

"வருது."

"அப்ப இன்னாதான் கொறை?"

"மானம்மா, மானம்! பொம்பளைக்குன்னு தனியா வேணாவா? அதான் கலெக்டருக்கு மனு எழுதிட்டேன். மொத கையெழுத்து என்னுது. பொம்பளைங்களும் போட்டாதான் மனு நிக்கும். போடுங்க."

வெளியே லாரி ஹாரன் அடித்தது. தாளையும் உறையையும் மீனம்பாளிடம் கொடுத்துவிட்டு ஓடினார்.

பத்தாவது வரை படித்த மீனம்பாள் உரக்கப் படித்தாள்: "'விமானத்தில் பயணம் செய்யும் பெண்கள் தனிக் கழிப்பறை இல்லாமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டு அவதிப்படுகிறார்கள். பெண்ணின் மானம் காப்பது நம் கடமை. உடனே கட்டித்தர ஆவன செய்ய வேண்டும்.'"

"நல்லாத்தான் எழுதிகிறாரு," என்றாள் ராஜம்மாள். "எடம்தான் தப்பு."

மீனம்பாள் பேனாவை எடுத்தாள். முதல் மூன்று சொற்களை அடித்துவிட்டு மேலே எழுதினாள்: 'செஞ்சி தனசேகரன் மல்லாட்டை மண்டியில் வேலை செய்யும்'. மீதியில் ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"அடியே, வேலைய வுட்டுத் தூக்கிடுவாருடி!"

"தூக்கட்டும். மொத கையெழுத்து அவருதுதான?" சொல்லிவிட்டுக் கையெழுத்தைப் போட்டாள். ஒவ்வொருத்தியாகப் போட்டார்கள். அப்புறம்தான் வளர்மதி அங்கேயே நிற்பது எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது.

வளர்மதி தாளை வாங்கினாள். அடித்த இடத்தைப் படித்தாள். "பேனா குடு மீனா," என்றாள். கையெழுத்துப் போட்டு, உறையில் மடித்து வைத்து, எச்சில் தொட்டு ஒட்டினாள்.

தனசேகரன் திரும்பி வந்தார். "எத்தினி பேரு?"

"இருபத்திமூணு."

"வேலைக்காரிங்க இருபத்திரண்டுதான?"

"நானும் பொம்பளதான்," என்றாள் வளர்மதி.

அவரே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தார்.

பத்தாம் நாள் ஓர் அதிகாரி வந்தார். "தன் மண்டி மேல தானே மனு போட்ட மொதலாளிய இப்பதான் பாக்குறேன் சார்," என்று தனசேகரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தனசேகரன் மனுவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். நானில்லை என்று சொன்னால் அது இன்னும் அசிங்கம். "ஒரு மாசத்துல கட்டிடறேன் சார்," என்றார்.

வளர்மதி அன்றைக்கே ஆபீஸ் கக்கூசின் பூட்டைக் கழற்றிக் கடாசினாள். டிரைவர்களும் பெண்களும் ஒரே கதவுக்கு வரிசையில் நிற்கிறார்கள், ஏரோபிளேன் மாதிரி. யாருடைய மானமும் போனதாகத் தெரியவில்லை.

ஒரு மாதம் என்றது நான்கு மாதமாயிற்று. குழிகூட வெட்டவில்லை. தனசேகரன் இருபத்திரண்டு பெண்களுக்கு ஒரு கக்கூஸ் பாக்கி.