ஏழு கிலோமீட்டர்

தங்கையின் கார் மூன்றாவது நாளாகக் காலையிலேயே என் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நின்றது. ஸ்கேனரில் அதே எரர் கோடு. ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லையாம். எது என்று மட்டும் சொல்லாது. பிளக் நான்கையும் மாற்றியாயிற்று, காயில்களையும் இடம் மாற்றிப் பார்த்தாயிற்று. கோளாறு எப்போது வந்தது என்று கார் குறித்து வைக்கும் பழைய பதிவும் காலி.

"இன்னிக்காவது சரியாயிடுமாண்ணே?" என்றாள், சாவியால் மேஜையைத் தட்டிக்கொண்டே.

"மொதல்ல அந்தச் சாவிய கீழ வை!" என்று எரிந்து விழுந்தேன்.

கடுப்பில் ஸ்கேனரின் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனபோது, நான் எப்போதும் பார்க்காத ஒரு வரி கண்ணில் பட்டது. எரர் கோடு கடைசியாக அழிக்கப்பட்ட பிறகு கார் ஓடிய தூரம்: ஏழு கிலோமீட்டர்.

நான் எதையும் அழிக்கவில்லை. அவள் வீட்டிலிருந்து இங்கே சரியாக ஏழு கிலோமீட்டர்.

உடனே அவள் புருஷனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ள, காலையில கார்ல என்ன பண்ணீங்க?"

"டேஷ்போர்டுல எரியற அந்த மஞ்ச லைட்ட பாத்தாலே அவ பயந்துக்கறா மச்சான். அதான் ஒரு குட்டி மெஷின் வாங்கி கார்ல சொருகி, தினமும் போன்லயே அத அழிச்சிட்டு சாவியக் குடுக்கறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டேன். "சரி, அழிக்கறதுக்கு முன்னாடி என்னென்ன நம்பர் காட்டுச்சு?"

"அதையெல்லாம் நான் பாக்கறதே இல்ல மச்சான். பாத்தா எனக்கும் பயமாயிருமே."