இறங்காத கை

லண்டன் பிளேஸ்டோவில் ஒரு பள்ளிக்கூடத்தில், எட்டாம் ஆண்டு தொடங்கிய இரண்டாவது செவ்வாய்க்கிழமை, கணித வகுப்பில் கேள்வி கேட்கத் தூக்கிய சயந்தினியின் வலது கை பிறகு இறங்கவில்லை. ஆங்கிலம் தடக்குகிறது என்று அவளை ஆகக் கடைசிப் பிரிவில் போட்டிருந்தார்கள். அந்தப் பிரிவுக்குப் பதினோராம் ஆண்டுச் சோதனையில் லேசான சின்னத் தாள்தான். அதில் முழுப் புள்ளி எடுத்தாலும், ஒன்பது வரை போகும் தரத்தில் ஐந்துக்கு மேல் இல்லை. மேல்வகுப்பில் கணிதம் படிக்க ஏழு வேண்டும். சயந்தினிக்குக் கணிதத்தைத் தவிர வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. ஆசிரியர் கெட்டவரல்ல. கையைப் பார்த்து "பிறகு" என்றார். அடுத்த மாதம், கை பலகையை மறைக்கிறதென்று கடைசி வரிசைக்கு அனுப்பினார். டொக்டர் வளரும் வயது என்றார். சயந்தினி மூன்று மாதத்தில் இடக்கையால் எழுதப் பழகினாள். நெரிசலான பஸ்ஸில் கம்பியென்று நினைத்து ஆட்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வருடத்துக்கொரு முறை பெற்றோரை அழைத்து ஐந்து நிமிடம் கதைப்பார்கள். தாய் அஜந்தா கோயிலுக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு போவாள். மகள்தான் மொழிபெயர்ப்பு. "சேர் சொன்னால் சரி. கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரியுங்கோ" என்பாள் அஜந்தா. வாத்தியாருக்கு எங்கள் சனம் கொடுக்கும் மரியாதை அது. முதல் பாதியை மட்டும் சயந்தினி ஆங்கிலத்தில் சொல்லுவாள். கடைசிப் பிரிவுக்குக் குடும்பத்தின் முழுச் சம்மதம் என்று ஆசிரியர் எழுத, அஜந்தா கையெழுத்து வைப்பாள்.

பதினோராம் ஆண்டு தை மாதம் சயந்தினி அழுதாள். "அம்மா, சேரிட்டை ஒருக்கா ஏலாது எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை நான் சொல்லுறன்."

"படிப்பிக்கிறவையை எதிர்த்துக் கதைக்கிறதோ, பிள்ளை?"

மூன்று கிழமை யோசித்துவிட்டு, ஷிப்டை விட்டுவிட்டுப் போய், அஜந்தா "ஏலாது" என்றாள். ஆசிரியர் கோப்பைத் திறந்து, எட்டாம் ஆண்டிலிருந்து அவள் வைத்த நான்கு கையெழுத்துகளைக் காட்டினார். சின்னத் தாள் எழுதுகிறவர்களின் பெயர்களைச் சோதனைக்குப் போன கிழமைதான் அனுப்பிவிட்டார்களாம். அவர் உண்மையாகவே வருந்தினார்.

சயந்தினி சின்னத் தாளில் முழுப் புள்ளி எடுத்தாள். ஐந்து கொடுத்தார்கள். இப்போது அப்டன் பார்க் பக்கம் ஒரு கடையில் மேல்தட்டுச் சாமான் அடுக்குகிறாள். ஏணி தேவையில்லையென்று முதலாளிக்கு நல்ல சந்தோசம்.

இந்த வருடம் அதே கடைசிப் பிரிவில் பதினொரு கைகள் இறங்கவில்லை. கவுன்சில் சமத்துவத்துக்கென்று கூட்டம் வைத்து, படம் எடுத்து, பள்ளிக்கூடத்தின் எல்லா வாசல்களையும் இரண்டடி உயர்த்திக் கொடுத்திருக்கிறது. பிள்ளைகள் குனியாமல் போய் வருகிறார்கள்.