ரத்தத்தை மாற்றிய உபவாசம்

எழுபத்திரண்டு மணி நேரம் பட்டினி கிடந்தால் ஹீமோகுளோபினில் ஓர் அமினோ அமிலம் மாறிவிடும். உயிர்வேதியியல் படித்த நான்கு ஆண்டுகளில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. உயோ நகரில் எங்கள் சபையின் பாஸ்டர் எட்டிம் மூன்றே நாளில் நிரூபித்துவிட்டார்.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் இருவரும் முதலில் ஜீனோடைப் என்னும் ரத்த மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். இருவருமே ஏ.எஸ்., அதாவது நோயின் மரபணு ஒன்றைச் சுமப்பவர்கள், என்றால் கல்யாணம் கிடையாது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரிவாள் செல் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சபையும் நானும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

என் அக்கா இடாரா ஏ.எஸ். அவள் கட்டிக்கொள்ளப்போகும் அனியெகானும் ஏ.எஸ். அழுதாள். பாஸ்டர் உபவாசம் அறிவித்தார். நான்காம் நாளான திங்கட்கிழமை அனியெகான் மறுபடியும் சோதனைக்குப் போனார். ஏ.ஏ., குறையே இல்லாத ரத்தம், என்று முடிவு வந்தது. முதல் சோதனையை நம்பாத சபை இரண்டாவதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது.

எங்கள் தம்பிக்கு அந்த நோய் இருந்தது. வலி வரும்போதெல்லாம் அவன் முட்டியைத் தேய்த்துவிட்டவள் அக்காதான். அவனுக்காகவும் இதே சபை உபவாசம் இருந்தது. அந்த வாரம் ஆண்டவருக்கு வேறு வேலை இருந்திருக்க வேண்டும். ஒன்பது வயதில் போய்விட்டான்.

ஞாயிறு காலை, அனியெகான் சபை முன் இந்த அற்புதத்துக்குச் சாட்சி சொல்வதற்கு முன், பாஸ்டரின் அறைக்குப் போனேன். அவரோடு அக்காவும் அனியெகானும் இருந்தார்கள். நான் வேலை பார்க்கும் ஆய்வகத்திலிருந்து எடுத்துவந்த சிறிய சோதனைப் பெட்டியை மேசையில் வைத்தேன்.

"இது என்ன சிஸ்டர் மாயென்?"

"விரல்ல ஒரு சொட்டு போதும் பாஸ்டர். பத்து நிமிஷம்."

"தேவனைச் சோதிச்சுப் பாக்கறியா?"

"இல்ல பாஸ்டர். ஆய்வகத்தைத்தான்."

பாஸ்டர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். கண்ணுக்கு ஏன் உபவாசம் இருக்கவில்லை என்று கேட்க வாய்வரை வந்தது. வழக்கம்போல் விழுங்கிவிட்டேன்.

"இவ எப்பவுமே இப்படித்தான் பாஸ்டர்," என்றாள் அக்கா. "சோறு பொங்கினாக்கூட ஏன் பொங்குச்சுன்னு கேப்பா. உனக்கு என்னடி வேணும்? நான் சந்தோஷமா இருக்கக் கூடாதா?"

"உன் பிள்ளைக்கும் முட்டி தேய்ச்சுவிடற மாதிரி ஆயிடக் கூடாதுக்கா."

அக்கா அனியெகான் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் துளி சந்தேகம் இல்லை.

"விரலைக் குடுங்க. ஊசிதானே? இவ வாயை இன்னியோட அடைச்சிடலாம்."

"எதுக்கு இடாரா? அதான் சபையிலயே மாட்டியாச்சே."

"குடுங்க பிரதர்!" பாஸ்டருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "பிசாசு வெட்கப்படட்டும். ஒரு சாட்சிக்கு ரெண்டு சாட்சியா சொல்லிடலாம். அல்லேலூயா!"

வெளியே பாடகர் குழு மேளத்தைத் தட்டிப் பார்த்தது. நான் ஊசியின் உறையைப் பிரித்தேன்.

அனியெகான் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். நெற்றியில் வியர்வை. மின்விசிறி நேராக அவர்மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த அறையில் நம்பிக்கையில்லாதவள் நான் ஒருத்திதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"கையை வெளிய எடுங்க," என்றாள் அக்கா. இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பயமா பிரதர்?" என்றார் பாஸ்டர்.

அனியெகான் அவரைப் பார்க்கவில்லை.

"திங்கட்கிழமை ரத்தம் குடுத்தது நான் இல்ல இடாரா. என் தம்பி உடெமே."